குழாய்க்காரன் வாங்கிய பால் புட்டி

என் தம்பி குழாய் வேலை பார்க்கிறவன். எங்கேயாவது தண்ணீர் சொட்டினால் அவன் கை சும்மா இருக்காது. ஒரு முறை விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவ எழுந்து போனவன், சாப்பாடு ஆறி அவலாகிப் போகும்வரை திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், கழுவுதொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வாஷர் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

அவன் மனைவி பஸ் ஓட்டுகிறாள். அவளுடைய கம்பெனியில் ஸ்டியரிங் பிடிக்கும் பெண் அவள் ஒருத்திதான். அதற்கு அவள் காத்திருந்த காத்திருப்பும், கேட்ட கேலியும் கொஞ்சநஞ்சமல்ல. பெண் குழந்தை பிறந்தது. கம்பெனி கொடுத்த விடுப்போ கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும்போல் இருந்தது. விடுப்பு முடிகிற திங்கட்கிழமை அவள் போகாவிட்டால் வண்டி வேறு ஆள் கைக்குப் போய்விடும். தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் மாதம் ஒன்றே ஆன குழந்தை அதைப் புட்டியில் குடிக்க வேண்டுமே! அவள் பயமோ அதற்கும் மேலே போனது.

“அண்ணி, புட்டியில சுலபமா வருதுன்னு அதுக்கே பழகிட்டாள்னா? அப்புறம் என்கிட்ட வராமலே போயிட்டா?”

குறுகலான சந்தில் முழு நீள வண்டியைப் பின்னால் எடுக்கத் தயங்காதவள் அவள். இதைக் கேட்கும்போது குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“உன் பொண்ணு உன்னை விட்டுட்டு எங்கம்மா போகப்போறா?” என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, பதில் எனக்கும் தெரியாது.

புட்டி வாங்க என் தம்பியோடு நானும் கடைக்குப் போனேன். போயிருக்கவே கூடாது, மானம் போயிற்று. ஒவ்வொரு புட்டியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், மூடியைத் திறந்து மோந்து பார்த்தான், அடியைத் தட்டிப் பார்த்தான். உள்ளே குழலும் வளையமும் தட்டுமாக அடுக்கிய ஒன்றைக் கடைக்காரப் பெண் பெருமையாக எடுத்து நீட்டினாள்.

“இதைக் கழட்டி மாட்ட எனக்கே ஸ்பேனர் வேணும்மா. இந்த இடுக்கில பால் தங்கினா எப்படிக் கழுவுறது?” என்றான்.

கடைசியில் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்தான். கொதிக்கிற தண்ணீரில் போடலாம், கீறல் விழாது, அழுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது அவன் கணக்கு. கீழே விழுந்தால் என்று கேட்டேன். “என் கையில இருந்து எதாவது விழுந்திருக்காக்கா?” என்றான். போன மாதம் அவன் காலிலேயே விழுந்த சுத்தியலை நான் ஞாபகப்படுத்தவில்லை. கடைக்காரப் பெண் முன்னால் எதற்கு?

அதுவரை எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து புட்டியைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தான். நிப்பிளில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அவன் முகம் மாறிவிட்டது. அவன் தொழிலில் தண்ணீர் மெதுவாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அடைப்பு. நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் ஊசியை அடுப்பில் காய்ச்சி, நிப்பிளின் துளையைப் பெரிதாக்கிவிட்டான். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இவன் அவசரத்தில் ஊசி நுழைந்துவிட்டது.

எடுத்து வைத்திருந்த தாய்ப்பாலை ஊற்றி, குழந்தையைக் கையில் ஏந்தி அவனே கொடுத்தான். குழந்தை வாயை வைத்த மறுகணம் பால் குபுக்கென்று பாய்ந்தது. பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. கண்கள் அகல விரிந்தன, முகம் சிவந்தது, மூச்சு வரவில்லை. என் தம்பி மனைவி வெடுக்கென்று குழந்தையைப் பறித்து, கையில் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினாள். வீறிட்டு அழுத சத்தம் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. என் தம்பி கையில் புட்டியோடு அப்படியே நின்றான்.

நேராகக் குழந்தைகள் கிளினிக்குக்கு ஓடினோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று பார்த்துச் சொன்ன நர்ஸ், நிப்பிளை வாங்கித் துளையைப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார்.

“இதோட துளையை யாரும் தொடவே கூடாதுங்க. மெதுவா வர்றதுதான் இவ வயசுக்குச் சரி. அம்மாகிட்ட எப்படிக் குடிக்கிறாள்னு பாருங்க. கொஞ்சம் உறிஞ்சுவா, நிறுத்துவா, மூச்சு விடுவா, மறுபடி உறிஞ்சுவா. எவ்வளவு வரணும்னு அவதான் முடிவு பண்றா. புட்டியும் அவ பேச்சைக் கேக்கணும்.”

பிள்ளையை நிமிர்த்தி வைத்துக்கொள்வது, புட்டியைக் கவிழ்க்காமல் படுக்கை வாட்டில் பிடிப்பது, நடுநடுவே நிறுத்துவது, வேண்டாம் என்று முகம் திருப்பினால் விட்டுவிடுவது, எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார்.

அன்று மாலை அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது என் தம்பி பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தான். “அக்கா, இங்க வாயேன்” என்று என்னையும் கூப்பிட்டான். நானும் இரண்டு பெற்றவள்தான். ஆனால் அப்படி உற்றுப் பார்த்தது அன்றுதான். சின்னத் தாடை இறங்கி ஏறுகிறது. காதோரம் ஒரு துடிப்பு. தொண்டையில் ஒரு சின்ன சத்தம். பிறகு ஒரு நிறுத்தம். மூக்கு விரிந்து மூச்சு வருகிறது. மறுபடி தாடை அசைகிறது. கண் மூடித்தான் இருக்கிறது, ஒரு சொட்டு வழியவில்லை. நகம்கூட முற்றாத ஒரு உயிருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

“இத்தனை வருஷம் எத்தனையோ வால்வு மாட்டியிருக்கேன்க்கா. இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை” என்றான்.

மறுநாள் புது நிப்பிள் வந்தது. ஊசி அலமாரி உச்சிக்குப் போயிற்று. முதல் நாள் குழந்தை நிப்பிளை நாக்கால் வெளியே தள்ளியது. அடுத்த நாளும் அதேதான். இவன் வற்புறுத்தவில்லை, உதட்டோரம் தொட்டுவிட்டு, வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தான். எதிலும் பொறுமை இல்லாதவன் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த என் தம்பிதான் இப்படி! மூன்றாம் நாள் குழந்தை தானாகவே வாயைத் திறந்து இரண்டு மிடறு குடித்தது. அவன் மூச்சே விடவில்லை.

திங்கட்கிழமை வந்தது. சீருடை போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டியவள், எதையோ மறந்தவள் மாதிரி இரண்டு தடவை உள்ளே வந்தாள். அவள் போன பிறகு குழந்தை புட்டியில் நன்றாகவே குடித்தது. மதியமும் குடித்தது. அவன் போனில் அதைச் சொன்னபோது அந்தப் பக்கம் சந்தோஷக் குரல் வரவில்லை. “ரொம்ப நல்லா குடிச்சாளா?” என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் வந்தவள் குளித்து உடை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினாள். குழந்தை முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது. மறுபடி இந்தப் பக்கம் திருப்பியது. மூக்கால் துணியைத் துழாவியது. பிறகு குருவிக் குஞ்சு மாதிரி வாயை அகலத் திறந்து, தேடி, பிடித்துக்கொண்டது. ஒரு சின்னக் கை மேலே வந்து அவள் நெஞ்சின் மேல் விரிந்து படுத்தது.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். இமையோரம் நீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூடக் குழந்தையிடமிருந்து கையை எடுக்கவில்லை. என் தம்பி அவள் காலடியில் உட்கார்ந்து, ஏதோ பெரிய கடலைப் பார்ப்பவன்போல் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்.

“என்னங்க, காலைல சீக்கிரம் எழுப்பிவிடுங்க. நாளைக்கு முதல் டிரிப் நான்தான் எடுக்கிறேன்.”