என் மகளின் குழாயில் என் ரத்தம்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு வாவியில் மீன் பிடிக்க இறங்கியவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். கிருமியின் நஞ்சு பட்டால் நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சீனியை எப்படிச் சாப்பிடுகின்றன என்பதுதான் அவள் பார்ப்பது. அதற்கு நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டும். ஒருநாள், வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. அந்தச் சோதனை தவறினால் அறிக்கை கொடுக்கும் தவணையும் தவறிவிடும் என்று தொலைபேசியில் அழுதாள். நான் எங்கள் ஊர் தேற்றாத்தீவில் பஸ் ஏறினேன்.

“அப்பா, காய்ச்சல் கீச்சல்? ஏதும் வருத்தம், மருந்து?”

“ஒண்டுமில்ல புள்ள.”

கை நீட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் தொலைபேசியில் அவள் குரலில் கோபம். வெள்ளை அணுக்களைச் சிவப்பு நிறச் சத்துநீரில் விட்டு, ஒரு குழாய்க்கு நஞ்சு சேர்ப்பாளாம், மற்றதைச் சும்மா வைப்பாளாம். நஞ்சைக் கண்ட அணுக்கள் சண்டைக்கு எழும்பி, சீனியை அவசரமாகத் தின்று புளிப்பைக் கக்குமாம். அப்போது நீர் மஞ்சளாகும். சும்மா வைத்தது சிவப்பாகவே நிற்க வேண்டும். என்னுடையது இரண்டுமே மஞ்சள்.

“குழாய்க்குள்ள கிருமி விழுந்திட்டோ எண்டு பார்த்தன், இல்ல. உங்கட அணு முதலே சண்டையில நிண்டிருக்கு. உண்மையச் சொல்லுங்க, எங்க காயம்?”

என் குதிக்காலில் கெளுத்தி மீன் முள் ஏறி, கால் வீங்கிப் போய்க் கிடந்தது. வாவியில் தொழில் செய்கிற எவரும் அதை நோய் வருத்தத்தில் சேர்ப்பதில்லை.

“கெளுத்தி குத்தினதெல்லாம் ஒரு வருத்தமா புள்ள?”

“இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க!”

பக்கத்தில் நின்று கேட்ட என் மனிசி விழுந்து விழுந்து சிரித்தாள். “வாய் சொல்லாதத ரத்தம் சொல்லிப்போட்டுதே! இனி உங்கள்ட்ட ஒண்டும் கேக்கத் தேவையில்ல, ஊசியக் குத்தினாச் சரி.”

ஆஸ்பத்திரியில் கீறி, சீழோடு முள் துண்டையும் எடுத்தார்கள். இன்னும் வைத்திருந்தால் சீழ் கால் முழுக்க ஏறியிருக்கும் என்றார் டாக்டர். எனக்கோ மகளின் தவணைதான் கவலை. ஆனால் நிறத்தைப் பார்த்தே அவள் காயத்தைக் கண்டுபிடித்த கதையைக் கேட்ட அவளுடைய பேராசிரியர், இன்னொரு தவணை கொடுத்தாராம்.

கால் நன்றாக ஆறிய பிறகு மறுபடியும் ரத்தம் கொடுத்தேன். அடுத்த நாள் அவள் என்னைச் சோதனை அறைக்கே கூப்பிட்டாள். ஒரு குழாய் சிவப்பு, ஒன்று மஞ்சள். கூடப் படிக்கிறவர்களிடம், “இவர்தான் என்ர அப்பா” என்றாள். நான் நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“மஞ்சளான குழாயில நிண்டதும் என்ர அணுதானே?”

“ஓம் அப்பா, அவ்வளவும் உங்கட.”

இதை எழுதி முடித்தது ஆவணி பதினொன்று, செவ்வாய்க்கிழமை.