பூனைகள் குடித்த டானிக்

தும்மினால் ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் அடுத்த வீட்டு முனுசாமி தும்மினார். விலா எலும்பு முறிந்துவிட்டது.

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். எக்ஸ்-ரே படத்தை அவரே கொண்டுவந்து, என் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டி வைத்தேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டுகிற மெஷினில் வேலை அவருக்கு. வயது நாற்பத்திரண்டு. குடிக்கு வயது பத்து. மதுவிலக்கு இருந்தபோது குடித்தார், கடை திறந்தபோதும் குடித்தார். சட்டம் மாறியதே தவிர அவர் மாறவில்லை.

டிஸ்பென்சரி டாக்டர் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்பதுதானாம். இவர் யோசித்துப் பார்த்து, ஊறுகாய் என்றிருக்கிறார்.

குடிக்கிறவர்களின் கதை இதுதான் என்றாராம் டாக்டர். பசியே எடுக்காது. சாப்பிடுகிற கொஞ்சமும் உடம்பில் ஒட்டாது. கல்லீரலும் கெட்டால் எலும்பு சத்தில்லாமல் போய்விடும். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அந்த டி வெயிலில் கிடைக்கும்.

மெட்ராஸில் வெயிலுக்குப் பஞ்சமா? வேண்டாம் என்றாலும் தலையில் கொட்டுகிற ஊர் இது. ஆனால் முனுசாமிக்கு எங்கே வெயில்? வேலை நேரமெல்லாம் ஷெட்டுக்குள். லீவு நாளில் போதை தெளியாமல் வீட்டுக்குள் படுக்கை. அவர் முதுகு வெயிலைப் பார்த்துப் பல வருஷம் இருக்கும்.

குடியை நிறுத்து, முட்டையும் பாலும் சாப்பிடு, காலையில் சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் உட்கார், மருந்தும் தருகிறேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எலும்பு தேற மூன்று மாதம் ஆகும் என்றார். கம்பெனியிலும் மூன்று மாதம் லீவு. அதற்குள் மெஷின் முன்னால் வந்து நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

ஆச்சரியம்... முனுசாமி குடியை நிறுத்திவிட்டார். பயம்தான் காரணம். தும்மல் வரும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

தினமும் காலையில் வெறும் உடம்போடு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம், காலையிலேயே ஏற்றிக்கொண்டுவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். அவர் பெயர் அப்படி.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதுவிலக்கு நாட்களில் எங்கள் பக்கத்து ஆண்கள் மருந்துக் கடையில் சில பாட்டில்களை வாங்கிக் குடிப்பார்கள். உள்ளே இருப்பது போதை. வீட்டில் அதற்குப் பெயர் ‘டானிக்’. கடை திறந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. முனுசாமியும் பத்து வருஷமாக, உடம்பு வலி, டானிக் குடித்தேன் என்றுதான் மனைவி சரசாவிடம் சொல்லி வந்தார்.

டாக்டர் கொடுத்த மருந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோதும் உள்ளதைத்தான் சொன்னார் — டானிக். அவர் தூங்கி எழுவதற்குள் பாட்டில் காலி. சரசா கொட்டிவிட்டாள்.

முனுசாமி ஏன் என்று கேட்டாரா? இல்லை. பாட்டில் காணாமல் போவது அவர் வீட்டில் புதிதல்ல. மறுபடி டிஸ்பென்சரிக்குப் போய், உடைந்துவிட்டது என்று பொய் சொல்லி இன்னொன்று வாங்கி வந்தார். எங்கே ஒளித்துவைத்தார் தெரியுமா? பழைய பாட்டில்களை வைக்கிற அதே ஓட்டு இடுக்கில்!

மறுநாள் காலை, எட்டரை ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். சரசா அந்தப் பாட்டிலோடு வந்து நின்றாள்.

“சார், இதுல இன்னா எய்திக்கீதுன்னு படிச்சுச் சொல்லு.”

இங்கிலீஷ் லேபிள். பெரிய எழுத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் கண்ணில் பட்டது. “டானிக்னு போட்டிருக்கும்மா” என்றேன்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நானும் படிக்கவில்லை. ரயில் கிடைத்தது.

மாலை திரும்பி வந்தபோது எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடுகிற சாக்கடையோரம் ஐந்து பூனைகள். சிமென்ட்டை நக்கிக்கொண்டிருந்தன. மீன் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பக்கத்தில் காலிப் பாட்டில். எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சின்ன எழுத்தைப் படித்தேன். சுறா மீன் எண்ணெய். வைட்டமின் ஏ. வைட்டமின் டி.

எனக்கு வெட்கமாகிவிட்டது. படித்தவன் என்று நம்பி வந்தவளிடம் பாதியைப் படித்துவிட்டு ரயிலுக்கு ஓடியிருக்கிறேன்.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், இருவர் முன்னாலும் முழு லேபிளையும் படித்துக் காட்டினேன். ஊற்றும்போது நாற்றம் தெரியவில்லையா என்று சரசாவைக் கேட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஊற்றினாளாம். பத்து வருஷப் பழக்கம்.

முனுசாமி விலாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“பத்து வருசம் பொய் சொன்னேன், நம்புன. ஒரு நாளு நெசத்தச் சொன்னேன், கொட்டிட்டியே.”

“நம்புனேன்னு உன்கிட்ட யாரு சொன்னா?” என்றாள் சரசா.

அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை. வந்துவிட்டேன்.

மூன்றாவது பாட்டிலைச் சரசாவே டிஸ்பென்சரி வரிசையில் நின்று வாங்கி வந்தாள். அதை டானிக் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவள் வைத்த பெயர் ‘பூனை மருந்து’. காலையும் மாலையும் ஒரு ஸ்பூன். அவள் கையால்தான்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, போன திங்கட்கிழமை, முனுசாமி டிபன் கேரியரோடு வேலைக்குப் போனார். கொஞ்சம் சாய்ந்த நடைதான். ஆனால் மெஷின் முன்னால் நின்றுவிட்டார்.

மாலையில் ஸ்பூன் மருந்து உள்ளே போனதும் சரசா அவரை வாயை ஊதச் சொல்கிறாள். மீன் வாடை மட்டும் அடித்தால்தான் தட்டில் சோறு விழுகிறது.

எலும்பு தேற மூன்று மாதம் என்றார் டாக்டர். சரசாவின் மூக்கு தேற எத்தனை மாதம் என்று அவர் சொல்லவில்லை!