இருக்கைக்குக் கீழே

விசுவமடுவில் கச்சான் கடலையும் மிளகாயும் பயிரிடும் வடிவம்மா தண்டவாளத்தில் ஓடும் கோச்சியில் ஏறுவதில்லை. கொழும்பில் கலியாணம் என்றாலும் மலைநாட்டில் செத்தவீடு என்றாலும் பஸ்தான். கேட்பவர்களிடம், "பஸ்ஸெண்டால் நினைச்ச இடத்திலை இறங்கலாம்" என்பார். அவருடைய ஐம்பத்தைந்தாவது வயதில் வலது கண்ணின் விழித்திரையில் கோளாறு வந்தது. யாழ்ப்பாணத்தில் பார்த்த டொக்டர் கொழும்புக்குக் கடிதம் கொடுத்து, பஸ்ஸில் குலுங்கிப் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிளிநொச்சியில் போன் கடையொன்றில் வேலை செய்யும் மகள் சுகந்தினி, குளிரூட்டிய பெட்டியில் இரண்டு இருக்கைகள் பதிவு செய்தாள்.

காலையில் கிளிநொச்சியில் ஏறினார்கள். வடிவம்மா உட்காரும் முன் இருக்கையைக் கையால் அமுக்கிப் பார்த்தார்.

"மெத்தை மாதிரிக் கிடக்கு. அப்ப பலகைதான். சட்டத்துக்கு இடையிலை தொடைச் சதை மாட்டி, எழும்பேக்கை கிள்ளும்."

"நீங்கள் எப்பயம்மா கோச்சியிலை போனனீங்கள்?"

"மலையிலையிருந்து வரேக்கை."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் பரந்த வயல்கள் கண்ணாடிக்கு வெளியே ஓட ஓட, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். அந்தக் காலத்தில் ஒரு வாங்கில் ஆறு பேர் நெருக்கியடித்து இருப்பார்கள். இப்போது ஆளுக்கொரு கதிரை, சாயவும் செய்யலாம். அன்று புகையும் தூசியும் வியர்வையும். இன்று ஒரு மணமும் இல்லை. அன்று தண்டவாளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரின் கதை கேட்காது. இன்று பின்னால் யாரோ மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது.

"இந்த ஜன்னலைத் திறக்கேலாதோ?"

"ஏசிப் பெட்டியம்மா. அவசரமெண்டால் உடைக்கிறதுக்கு அங்கை சுத்தியல் இருக்கு."

வடிவம்மா அந்தச் சின்னச் சிவப்புச் சுத்தியலை நெடுநேரம் பார்த்தார்.

வவுனியாவை விட்டுப் புறப்பட்டதும் அவருடைய பேச்சு நின்றது. சுகந்தினி திரும்பிப் பார்த்தபோது, தாய் சாயாமல் நிமிர்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். சேலைக் கரையை முன்னால் இழுத்துக் கால்களை மூடியிருந்தார்.

"குளிருதோ அம்மா?"

"அசையாதை. பிடிச்சுக்கொண்டிருக்கு."

"என்னது?"

"கை."

சுகந்தினி குனிந்தாள். இருக்கைக்குக் கீழே இரும்புப் பெட்டி ஒன்று அடைத்திருந்தது. அதற்கும் தரைக்கும் நான்கு விரல் இடைவெளி. ஒரு பூனைகூட நுழையாது.

"ஒண்டுமில்லை. ஏசிக் காத்துப் படுது."

"காத்துச் சூடாவோ இருக்கும்?"

பிறகு, உதடு அசையாத மாதிரி, மெல்லிய குரலில் வடிவம்மா சொன்னார். தமிழரை அடித்துத் துரத்திய எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரம். அவருக்கு ஏழு வயது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தைவிட்டுத் தாய் தகப்பனோடு ஓடிவந்து, பொல்காவலையில் வடக்கே போகும் கோச்சிக்கு மாறியிருந்தார்கள். மாகோவுக்கு அங்காலே ஏதோ ஒரு சின்ன ஸ்டேசனில் கோச்சியை மறித்து ஆட்கள் ஏறினார்கள். தாய் அவரை வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டார். கீழே கச்சான் கோதும் வெற்றிலை எச்சிலும். எதிரே முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கால்கள். ஒரு கணுக்காலை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அவா காலை இழுக்கேல்லை. சேலையை மட்டும் கீழை இறக்கிவிட்டா. வந்தவங்கள் ஏதோ கேட்க, நித்திரைக் குரலிலை சிங்களத்திலை ஒரு சொல்லுச் சொன்னா. அங்காலை போயிட்டாங்கள். வவுனியா வரைக்கும் நான் பிடியை விடேல்லை."

"ஆரம்மா அவா?"

"முகம் பாக்கேல்லை. அப்பாவை அந்த ஸ்டேசனிலையே இறக்கிப்போட்டாங்கள்."

தாத்தாவைப் பற்றிச் சுகந்தினி கேட்டிருந்ததெல்லாம், காய்ச்சலில் செத்தார் என்பதுதான்.

அனுராதபுரம் கடந்து மாகோவை நெருங்கும்போது, வழக்கமாக அந்தக் கோச்சி நிற்காத ஒரு சின்ன ஸ்டேசனில், எதிரே வரும் கோச்சிக்கு வழிவிட நின்றார்கள். பெட்டியில் எல்லோரும் நித்திரை. வெளியே மேடையில் ஒருவர் அவர்களுடைய ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கண்ணாடி ஒரு சத்தத்தையும் உள்ளே விடவில்லை. வடிவம்மா கண்களை இறுக மூடினார்.

கோச்சி நகர்ந்தது.

"விட்டிட்டுது" என்றார்.

சுகந்தினி சேலைக் கரையை விலக்கினாள். இடது கணுக்காலில் நான்கு சிறிய நகத்தடங்கள். ஒன்றில் இரத்தம் கசிந்திருந்தது. பெரியவர்களின் விரல்கள் அவ்வளவு நெருக்கமாகப் பதியாது. கைலேஞ்சியை நனைத்துத் துடைத்துவிட்டாள். 

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. திரும்பும்போது குளிர்ப்பெட்டியில் இடம் கிடைக்காமல் மூன்றாம் வகுப்பில் வந்தார்கள். கட்டுப்போட்ட கண்ணில் காற்றுப் படாமல் சுகந்தினி கையால் மறைத்துக்கொண்டு வந்தாள். இடுப்பு நொந்தது, தலை முழுக்கத் தூசி. மாகோ தாண்டியதும் வடிவம்மா பாதங்களை ஊன்றிச் சேலையை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். கிளிநொச்சி வரை ஒன்றும் வரவில்லை. இறங்கும்போது அவர் முகம் வாடிப்போயிருந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்தது. டொக்டர் இனி பஸ்ஸிலும் வரலாம் என்று சொல்லியிருந்தார்.

"அந்தக் குளிர்ப்பெட்டியே எடு பிள்ளை" என்றார் வடிவம்மா.

"பயமில்லையோ அம்மா?"

"எனக்கென்ன பயம்? அதுக்குத்தான் பயம். வவுனியாவிலை என்னைத் தேடும்."

சுகந்தினி தாய்க்கு அதே இருக்கையைப் பதிவு செய்தாள். தனக்கு நான்கு வரிசை முன்னால் எடுத்துக்கொண்டாள்.