மாடிப்படி டாக்டர் கீழே இறங்கிய கதை

ஆஸ்பத்திரியில் அவரை வார்டு டாக்டர் என்பார்கள். அதற்கு முன்னால் இருபது வருடம் அவர் மாடிப்படி டாக்டர். கடைத்தெருவில் ஒரு பட்டன் கடைக்கு மேலே ஒற்றை அறை கிளினிக், ஏறுவதற்குச் செங்குத்தான படி. ஆள் ஏறி வருகிற சத்தத்திலேயே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். எங்கே நின்று மூச்சு வாங்குகிறார்கள், எந்தக் கால் இழுக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இவ்வளவு படி ஏறி வர்றவனுக்கு என்ன பெரிய வியாதி இருந்துடப்போவுது?" என்று கீழே பட்டன்காரம்மா கிண்டலடிப்பதும் அந்தக் காதில் விழும்.

பட்டன்காரம்மாதான் அந்தக் கடையின் முதலாளி. பட்டன், ஊசி, நூல், ஜிப் எல்லாம் அங்கே கிடைக்கும், கூடவே இலவசமாக வசவும் கிடைக்கும். கிளினிக்குக்கு வருகிற கூட்டத்தைக் கட்டி மேய்த்ததும் அவர்தான். காய்ச்சலில் நடுங்குகிற பிள்ளையை முதலில் மேலே அனுப்புவார். லீவு எடுக்க சர்டிபிகேட் கேட்டு வந்தவனைக் கடைசி வரை நிறுத்தி வைப்பார். டாக்டர் ஏதாவது சொன்னால், "நீங்க மருந்தைப் பாருங்க, வாசலை நான் பாத்துக்கிறேன்" என்று பதில் வரும். அப்புறம் டாக்டர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்?

ஆனால் டாக்டர் பாடு பெரும்பாடு. தன் நோயாளி யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அங்கேயும் ஓடவேண்டும். அங்கே இருக்கும்போது கிளினிக் பெஞ்சில் பத்துப் பேர் காத்திருப்பார்கள். கிளினிக்கில் இருக்கும்போது அங்கே படுத்திருப்பவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பக்கமும் பாதி ஆளாக இருந்து இருந்து மனுஷனுக்கு அலுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே இருந்து, உள்ளே படுத்திருப்பவர்களை மட்டும் பார்க்கிற வேலை ஒன்று வந்தபோது சரியென்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவில் 'கிளினிக் மூடப்பட்டது' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டு வந்தார்.

அந்த வேலையை வீட்டில் விளக்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இதய டாக்டருக்கு இதயம், எலும்பு டாக்டருக்கு எலும்பு. இவருக்கென்று தனி உறுப்பு கிடையாது, முழு ஆளையும் பார்க்கவேண்டும். பெரிய டாக்டர்கள் வந்து ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனபிறகு, அதெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவர் இவர். காய்ச்சல் ஏறினால் ஓடி வருபவரும், சொந்தக்காரர்களுக்குப் புரியும்படி சொல்பவரும் இவரேதான். அவ்வளவும் செய்தபிறகு, "பெரிய டாக்டர் எப்ப வருவாரு?" என்று இவரிடமே கேட்பார்கள்.

"அந்தத் தெருவுல நடந்தா ஊரே வணக்கம் வெச்சுது. இங்க வாட்ச்மேன்கூட பாஸ் எங்கேன்னு கேக்குறான்," என்பாள் மனைவி. டாக்டர் சிரித்து மழுப்புவார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கும் அந்த ஏக்கம் உண்டு. வார்டில் யாரும் நாலைந்து நாளுக்கு மேல் தங்குவதில்லை. குணமானதும் வாசல் தாண்டிப் போய்விடுவார்கள். அப்புறம் அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போனதா, அந்தக் கிழவர் மகனோடு சமாதானம் ஆனாரா என்று எதுவுமே தெரியாது. மாடியில் இருந்த காலத்தில் இதெல்லாம் தானாகப் படியேறி வந்து சேரும்.

அப்படி வருடங்கள் ஓடிப்போனபிறகு, ஒருநாள் ஜன்னலோரக் கட்டிலில் பட்டன்காரம்மா படுத்திருந்தார்.

குளியலறையில் வழுக்கி விழுந்து, எலும்பு முறியாமல் தப்பி, வேறொரு வார்டில் இருந்துவிட்டு இவர் வார்டுக்கு வந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். டாக்டரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன டாக்டர், இன்னைக்கு இவ்வளவு லேட்டு? மேல எத்தனை பேரு உக்காந்திருக்காங்க தெரியுமா?"

டாக்டருக்குத் திக்கென்றது. பக்கத்துக் கட்டில்காரர்களைக் காட்டி, "இவங்கெல்லாம் காலைலேருந்து நிக்கிறாங்க. கம்பவுண்டரு டீ குடிக்கப் போனவரு இன்னும் வரல. டீ குடிக்கிறாரா, டீக்கடையையே குடிக்கிறாரா?" என்றார் அந்த அம்மா.

கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்த அந்தக் கம்பவுண்டர் செத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. "வந்துடுவாரும்மா," என்றார் டாக்டர்.

பட்டன்காரம்மாவின் மகள் டாக்டரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து படியிலேயே உட்கார்ந்து அழுத பெண். இப்போது பாங்க் வேலை, தூரத்து ஊரில் குடித்தனம். "அங்கிள், அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு. தனியா விட முடியாது. முதியோர் இல்லத்துல ஒரு ரூம் பேசியிருக்கேன், சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். கடையையும் வீட்டையும் காலி பண்ணிடலாம்னு இருக்கேன்." அவளைக் குறை சொல்லி என்ன பயன்? அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து உட்கார்ந்தார். அடிக்கடி சிறுநீர் போகிறது என்று ஒருவர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். அரிப்புக்கு இன்னொருவர். ராத்திரி கூச்சல் போடுகிறார் என்று தூக்கத்துக்கு மூன்றாமவர். தனித்தனியாகப் பார்த்தால் யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்து ஒரு வயதானவரின் மூளையைக் குழப்பக் கேட்கவேண்டுமா? மூன்று பேருக்கும் போன் போட்டுப் பேசி மூன்றையும் நிறுத்தினார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் குழப்பம் கூடும் என்று, பையில் கிடந்த மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிவிடச் சொன்னார்.

"இது மறதி வியாதி இல்லைன்னுதான்மா தோணுது. மருந்தால வந்த குழப்பமா இருக்கலாம். சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க. இப்ப எதையும் காலி பண்ணிடாத," என்றார்.

"தெளியலைன்னா?"

"தெளியலைன்னா நானே சொல்றேன்."

தைரியமாகச் சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே நிச்சயமில்லை. வேளைக்கு வேளை போய்ப் பார்த்தார். ஒரு மாற்றமும் தெரியவில்லை. பட்டன்காரம்மா மாடிக்கூட்டத்தை அதட்டிக்கொண்டே இருந்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், டாக்டருக்கு அது இனித்தது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தெருமுனை டீக்கடை, எப்போதும் எரியாத படிக்கட்டு பல்பு, லீவு சர்டிபிகேட்காரன் என்று எல்லாவற்றையும் கேட்டார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் பழைய மாடிப்படி டாக்டர். எழுந்து வரும்போது மட்டும் தன்னையே திட்டிக்கொள்வார். அந்த அம்மா தெளியாமல் படுத்திருப்பதில் உனக்கு என்னய்யா சந்தோஷம்?

வெள்ளிக்கிழமை காலை போனபோது அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மேல கூட்டம் எப்படி?" என்றார் டாக்டர் வழக்கம்போல.

பட்டன்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த மேல? மேல இப்ப போட்டோ ஸ்டூடியோ. கிளினிக்கை மூடி எத்தனை வருஷமாச்சு? டாக்டர், உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

அதோடு அந்த அம்மா விடுவாரா?

"ஞாயித்துக்கிழமை அட்டையை மாட்டிட்டுக் கம்பி நீட்டிட்டீங்க. திங்கக்கிழமை வந்தவங்கெல்லாம் டாக்டர் எங்கேன்னு என்னைக் கேக்குறாங்க. கீழயே இருக்கேன், எனக்கே தெரியாதுன்னு சொல்லிட்டு நின்னேனே, எவ்வளவு அவமானமா இருந்துச்சு தெரியுமா? இருபது வருஷம் உங்க வாசலைக் காத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சா போயிடுவீங்க?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள். டாக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். வெளுத்து வாங்கட்டும். ஒரு எழுத்துப் பிசகாமல் அத்தனையும் நிஜம். வாசலில் வந்து நின்ற மகளைப் பார்த்து, "திட்டுறாங்கம்மா, சரியாத் திட்டுறாங்க!" என்றார். அவள் அழுதுகொண்டே போனை எடுத்து, ரூம் வேண்டாம் என்று சொன்னாள்.

மறுநாள் வீட்டுக்குப் போகும் நேரம். "அடுத்த வாரம் உங்களை எங்க வந்து பாக்கணும்?" என்று கேட்டார் பட்டன்காரம்மா.

இந்தக் கேள்வி வரும் என்று டாக்டருக்குத் தெரியும். "என்னைப் பாக்க முடியாதும்மா. நான் உள்ள படுத்திருக்கிறவங்களுக்கு மட்டும்தான். உங்க தெருப்பக்கம் ஒரு டாக்டரம்மா இருக்காங்க, நல்ல பொண்ணு. எல்லாத்தையும் பேசிட்டேன். எந்த மாத்திரை ஆகாதுன்னும் சொல்லிட்டேன்."

"அப்ப மறுபடியும் விட்டுட்டுப் போறீங்க."

"ஆமாம்மா," என்றார் டாக்டர். "அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க விடமாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

பட்டன்காரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"பைத்தியக்கார டாக்டர்," என்றார். "சொல்லியிருந்தா நானே கூட வந்து, இந்த ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருப்பேனே."