தலைவர் இல்லாத பெட்டிகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எதை ஆரம்பித்தாலும் முதலில் ஒரு கமிட்டி வேண்டும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தண்ணீர்க் கமிட்டி, கோயில் மைக் செட் கெட்டுப்போனால் மைக் செட் கமிட்டி. எல்லாவற்றுக்கும் செயலாளர் நான்தான். தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், கையெழுத்தும் குண்டுகுண்டாக இருக்கும், அதனால் கிடைத்த பதவி. தலைவர் பதவிக்கு அடிபிடி நடக்கும். செயலாளர் பதவிக்கு என்னோடு போட்டிபோட இன்றுவரை ஒரு ஆள் வந்ததில்லை.

முந்தின வருஷ மழையில் பாதையும் போய், கைபேசி டவரும் போய், லிந்துலை டவுனுக்கு இந்தப் பக்கம் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்பது மூன்று நாளாக யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாரும் துடித்ததாகவும் தகவல் இல்லை. அதற்குப் பிறகுதான் கண்டியிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். ரேடியோ வைத்துப் பேசுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள். உள்ளங்கை அளவில் ஐந்து பெட்டிகள் கொண்டுவந்தார்கள். சிம் வேண்டாம், டவர் வேண்டாம். கைபேசியில் எழுதி அனுப்பினால் ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்லும், அது அதற்கடுத்த பெட்டிக்குச் சொல்லும். அப்படியே மலையைத் தாண்டிச் செய்தி போய்விடும்.

வந்தவர்களில் ஒரு சிங்களவர் தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். "இதுல லொக்கா இல்ல. எந்தப் பெட்டியும் எந்தப் பெட்டியோடயும் பேசும். எல்லாம் சமம்."

லொக்கா என்றால் பெரிய தலை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் பெரிய தலைகளின் முகம் தொங்கிப்போனது. ஆனால் அந்தக் குறையை அன்று சாயந்தரமே சரிசெய்துவிட்டோம். ஒரு தலைவர், இரண்டு உபதலைவர்கள், ஒரு போஷகர், இன்னும் என்னென்னவோ. ஐந்து பெட்டிக்கு ஒன்பது பதவிகள். பிறகு ஒரு சட்டம் போட்டோம். அவசரச் செய்தி எதுவானாலும் செயலாளர் எழுத வேண்டும், தலைவர் பார்க்க வேண்டும், அதன் பிறகே மேலே அனுப்ப வேண்டும். மற்றப் பெட்டிக்காரர்கள் தங்கள் கஷ்டத்தைச் செயலாளருக்குச் சொல்லிவிட்டுப் பதில் வரும்வரை இருக்க வேண்டியது.

"கண்டவங்களும் கண்டதையும் ஆபீசுக்கு அனுப்பினா தோட்டத்துக்குத்தானே டீச்சர் அசிங்கம்?" என்றார் தலைவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சட்டத்தை அழகாக எழுதி, பிரதியெடுத்து, வீடு வீடாகக் கொடுத்ததும் நான்தான்.

தண்ணீர்த் தொட்டி உச்சியில் ஒரு பெட்டி, தோட்ட ஆபீசில் ஒன்று, என் வீட்டில் ஒன்று. தலைவர் தன்னுடையதைக் கண்ணாடி அலுமாரியில் கிரிக்கெட் கோப்பைகளுக்கு நடுவே வைத்து, பேட்டரி வீணாகக் கூடாதென்று அணைத்தும்விட்டார். ஐந்தாவது, கீழ்ப் பிரிவுப் பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே அவர்களைப் பார்த்துக்கொள்வது என் தங்கச்சி.

பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ஒரு மண்மேடு. அதில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று நாங்கள் முறையிட்டதும் அதிகாரிகள் வந்து, சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டைப் பார்த்து மண் பயந்து நின்றுவிடும் என்று நினைத்தார்கள் போல. ஒரு நாள் மழை பலத்தபோது தங்கச்சி தானாகவே பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். அன்று மண் வரவில்லை. ஆபீசிலிருந்து கடிதம்தான் வந்தது. அனுமதியில்லாமல் இன்னொரு தடவை பிள்ளைகளை வெளியே கொண்டுபோனால் வேலை இல்லை. அவள் புருஷன் செத்து நாலு வருஷம், வீட்டில் இரண்டு பிள்ளைகள். கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு, "இனிமே கேக்காம எதுவும் செஞ்சிறாத" என்று நானும் என் பங்குக்கு மிரட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்தது. டவர் விடியும்போதே போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் எடுப்பதற்கு, லீவு கிடையாது, அதனால் அம்மாக்கள் மலைக்குப் போயிருந்தார்கள். பத்து மணியிருக்கும், கைபேசி கீச்சென்றது. தங்கச்சியின் செய்தி.

"பின்னால மண்ணுத்தண்ணி வருது. பிள்ளைகள வெளிய கொண்டு போகவா?"

அந்த நேரத்தில் புத்தியுள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் செயலாளர். பேனாவை எடுத்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, கீழ்ப் பிரிவுப் பிள்ளைகளை இடம் மாற்றத் தாங்கள் தயவுகூர்ந்து அனுமதிக்க வேண்டும் என்று ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக அனுப்பியதால் தங்கச்சியின் செய்தி ஆபீஸ் பெட்டியிலும் அதே நேரம் விழுந்திருக்கிறது. அங்கிருந்த ஐயா அதை வாசித்துவிட்டு, முறைப்படி கமிட்டி மூலம் வரட்டும் என்று இருந்தாராம். சட்டத்தை மதிக்கிற மனுஷன்.

குடையைப் பிடித்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, நிதானமாக வாசித்தார்.

"பெருமதிப்பிற்குரியன்னு போடுங்க டீச்சர். வெறும் மதிப்புன்னா கோவிச்சுக்குவாரு."

போட்டேன். அடியில் அவர் பெயரையும் பதவியையும் போடச் சொன்னார். அதையும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து கைபேசியில் அடித்தேன். போகவில்லை. நீளம் அதிகம். தமிழில் எழுதினால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு சின்ன வாக்கியம்தான் போகும் என்று அந்தச் சிங்களவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வெட்டத் தொடங்கினேன். முதலில் மண்ணுத்தண்ணியை வெட்டினேன். பெருமதிப்பிற்குரியவரை வெட்ட மனம் வரவில்லை. அப்போதும் நீளம். தலைவரின் பதவியை வெட்டினேன். அப்போதும் நீளம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் அழித்தேன். 'ஓடு' என்று மட்டும் அடித்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் உடனே விழுந்தது.

குறுக்குப் பாதையில் இறங்கி நானும் ஓடினேன். பாதி வழியில், லொறியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். பிறகு எப்படிப் போனேன் என்பது ஞாபகமில்லை. பிள்ளைக்காம்பராவின் பின்சுவரைக் காணோம். ஜன்னல் மட்டத்துக்கு உள்ளே மண். தொட்டில் கட்டிய கம்பி ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தங்கச்சியும் பதினொரு பிள்ளைகளும் கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். பிள்ளைகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். சற்று நேரத்தில் தலைவரும் வந்து சேர்ந்தார். பிள்ளைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா டீச்சர்? கமிட்டின்னு ஒண்ணு இருந்ததாலதானே?" என்றார். அறிக்கையை நாளைக்கே எழுதிவிட வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. தலையை ஆட்டினேன்.

சாயந்தரம் தங்கச்சி என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு அனுப்புன ஒடனேயே பிள்ளைகளுக்குத் தொப்பியெல்லாம் போட்டு, வாசல்ல வரிசையா நிக்க வச்சிட்டேன்க்கா. கைப்பிள்ளை ரெண்டையும் தூக்கி வச்சிக்கிட்டு போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். பின்னால செவுரு நெறுநெறுன்னுது. ஒண்ணு அழ ஆரம்பிச்சிருச்சு. இரு, பெரியம்மா இப்ப சொல்லிருவாங்கன்னேன்."

"கேக்காமப் போக வேண்டியதுதானேடி!" கத்திவிட்டேன்.

"நீங்கதானேக்கா கேக்காமப் போகாதன்னீங்க."

தேத்தண்ணியை ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அவளே சொன்னாள்.

"மழைக்குப் பெட்டி லேட்டாயிருச்சு போல, இல்லக்கா?"

அவள் கேட்டதற்கும் நான் 'ஓடு' என்றதற்கும் நடுவே இருபத்துமூன்று நிமிஷம். இரண்டு நேரமும் கைபேசியில் அப்படியே இருக்கின்றன. பெட்டி அதில் ஒரு நிமிஷத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆமா" என்றேன்.