எக்குவா கேட்காத கேள்வி

கோபினா எசுமான் பேச்சை விற்றுச் சாப்பிட்டவர். பன்னிரண்டு வருடம் அக்ராவில் வக்கீல். அவர் எழுந்தாலே எதிர்த்தரப்பு வக்கீல்கள் சமரசம் பேச வந்துவிடுவார்கள். அப்புறம் பதினான்கு வருடம் வெளிநாட்டுத் தூதரகங்களில் கானாவுக்காகப் பேசினார். ஐம்பதாவது வயதில் எல்லாவற்றையும் உதறிவிட்டு மெத்தடிஸ்ட் போதகரானார். நாளை பிஷப் ஆகப் போகிறார். ஊரே திரண்டு வரும். அக்கா எக்குவா வருவாளா என்பதுதான் தெரியவில்லை.

பதின்மூன்று வருடமாக அவள் அவரோடு பேசவில்லை. அம்மா இறந்தபோது அவர் ஜெனீவாவில் ஏதோ மாநாட்டில் இருந்தார். தூதரக முத்திரை குத்திய இரங்கல் கடிதத்தை ஒரு குமாஸ்தா எடுத்துவந்து வாசித்துவிட்டுப் போனான்.

இன்று அக்கா இருக்கும் சால்ட்பாண்டுக்கு வரும்போதும், ஊர் வழக்கப்படி தனக்காகப் பேச சபை மூப்பர் ஆர்தரைக் கூட்டிவந்திருந்தார். எக்குவா முற்றத்தில் புளித்த மக்காச்சோள மாவை உருட்டி இலையில் பொதிந்துகொண்டிருந்தாள். எழுந்துபோய் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

அங்கே தண்ணீர் கொடுத்தவர்தான் வந்த சேதி கேட்க வேண்டும். அதற்கு முன் வந்தவர் வாய் திறக்கக் கூடாது. எக்குவா கேட்கவில்லை. ஒன்பது உருண்டை பொதிந்தாள். உலகத்துக்கே பேசிய மனிதர் வெறும் குவளையைப் பிடித்தபடி பள்ளிப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஆர்தர் பொறுக்கமாட்டாமல் தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு வாய் இருக்கு, தெரியும் ஆர்தரய்யா," என்றாள் எக்குவா. "இவனுக்கு இல்லையா? அன்னிக்கும் ஆள் வெச்சுத்தான் அழுதான். கொஞ்சம் வெளிய நில்லுங்க."

ஆர்தர் போனதும் தம்பி பக்கம் திரும்பினாள். "இங்க எல்லாரும் நல்லாருக்கோம். என்ன சேதியா வந்தே, எபோ?"

எபோ! அந்த வீட்டுப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட இப்போது அவள் ஒருத்திதான் மிச்சம். 'கெட்ட சேதி ஒன்றுமில்லை' என்றுதான் யாரும் பதிலைத் தொடங்குவார்கள். அதற்குப் பின்னால் சொல்ல ஒரு முழு உரையே தயாராக வைத்திருந்தார். அதில் ஒரு சொல்கூட வரவில்லை.

"கெட்ட சேதிதான்க்கா," என்றார். "நம்ம அம்மா செத்துட்டாங்க."

எக்குவாவின் கையிலிருந்த உருண்டை நழுவியது. அப்போதுதான் கேள்விப்பட்டவள்போல ஓவென்று அழுதாள். மாவுக் கையோடு அவர் தலையை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டாள். அவரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வெளியே ஆர்தர், யார் போய்விட்டார்கள் என்று புரியாமலே தொப்பியைக் கழற்றினார்.

வெகுநேரம் கழித்து உள்ளிருந்து எக்குவாவின் குரல் கேட்டது.

"ஆர்தரய்யா, சாப்பிட வாங்க. நாளைக்குக் கோயில்ல எத்தனை மணிக்கு?"