பூஜெமா ஓட்டாத லாரி

பூஜெமாவுக்குப் பொய் பேசத் தெரியாது என்று மொரோக்கோவில் அவன் ஊரான பியூக்ரா முழுக்கப் பெயர். அப்படிப்பட்டவன் பெண்டாட்டியிடம் ஒரே ஒரு பொய்யைச் சொல்லி ஐந்து வருடம் அதைக் கட்டிக் காப்பாற்றினான். சின்னப் பொய்யும் அல்ல. பதினெட்டுச் சக்கரம் வைத்த பொய்.

ஸ்பெயினுக்குப் போவதற்கு முன் அவன் நிஜமாகவே லாரிக்காரன். அகாதிர் பக்கத்துத் தக்காளியைப் பன்னிரண்டு வருடம் தான்ஜா துறைமுகத்துக்கு ஓட்டியவன். இன்ஜின் மேடேறும் சத்தத்தை வைத்தே எத்தனை டன் ஏற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். எடைமேடைக்காரனோடு பந்தயம் கட்டி இரண்டு கோழி ஜெயித்திருக்கிறான். மலைப்பாதையில் பின்னால் வருகிற வண்டிகளை ஒருநாளும் தவிக்க விட்டதில்லை. எதிரே பாதை காலி என்றால் வலது சிக்னல், 'தாண்டிப் போ' என்று அர்த்தம். ஏதாவது வந்தால் இடது சிக்னல், 'பொறு'. பின்னால் வருகிறவனுக்கு நம் முதுகு மட்டும்தான் தெரியும், அவனுக்கு நாம்தான் கண் என்பான். அந்தப் பாதையில் ஓடுகிற எல்லா லாரிக்காரர்களுக்கும் இது பழக்கம். இவனுக்கு வியாதி.

ஸ்பெயினில் எல் எஹீதோ என்ற ஊரில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் வேலை ஒப்பந்தம் வாங்கி அனுப்பினான். தாளில் தோட்டக்கூலி என்று இருந்தது. "அது சும்மா பேப்பருக்குடா. இங்க லாரி டிரைவருக்குத் தவியாத் தவிக்கிறாங்க. நீ வந்து இறங்கு, மறுநாளே சாவியைக் கையில குடுத்துடுவாங்க" என்றான். இவன் வந்து இறங்கினான். மறுநாள் கையில் கொடுத்தது தக்காளிக் காம்பு வெட்டுகிற கத்தரி. ஊர் லைசென்ஸைக் காட்டினால் காருக்கு மாற்றித் தருவார்களாம். லாரி ஓட்ட வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு, மேற்கொண்டு தொழில் சான்றிதழ், எல்லாம் ஸ்பானிஷில். பூஜெமாவுக்கு அப்போது ஸ்பானிஷில் தெரிந்தது 'நன்றி' மட்டும்.

கூலி வேலை கேவலம் என்று அவன் நினைக்கிறவன் இல்லை. அவனை உறுத்தியது வேறு. அவன் மனைவி இஜ்ஜா கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் பியூக்ராவில் இதே மாதிரி பிளாஸ்டிக் கொட்டகையில் தக்காளி பறித்தவள். பெண் கேட்கப் போன அன்று இவன் மாமனாரிடம், "இனி இவ பிளாஸ்டிக்குக்குக் கீழ குனிய வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவன். அந்த வாயோடு கடல் தாண்டிப் போய் அவனே குனிந்தான். முதல் வெள்ளிக்கிழமை போனில் இஜ்ஜா, "எந்த வண்டி குடுத்தாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள். பேக்கிங் ஷெட் வாசலில் ஒரு லாரி நின்றிருந்தது. "வெள்ளை வண்டி. புதுசு" என்றான்.

அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. அதன்பின் வாரம் ஒரு ஊரிலிருந்து பேச வேண்டியதாயிற்று. சரகோசாவில் மழை என்பான், பிரான்ஸ் எல்லையில் வரிசை என்பான். லோடு ஏற்ற வரும் டிரைவர்களிடம் வழியையும் வானிலையையும் விசாரித்து வைத்துக்கொள்வான். அறையில் கூட இருந்த அய்யாத்தும் மொரோக்கோக்காரன், குரிப்கா என்ற ஊர்ப் பக்கம்; கல்யாணம் ஆகாதவன், ஆகவே வாய் நீளம். இவன் போனை எடுத்தாலே, "டிரைவர் சார் இன்னிக்கு எந்த ஊர்ல இருக்கீங்க? எனக்கும் சொல்லிடுங்க, நானும் அங்கதானே இருக்கணும்" என்பான்.

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பது சுலபம். முதல் மாதம் சொல்லியிருந்தால் அது ஒரு வருத்தம். மூன்றாம் வருடம் சொன்னால் அது மூன்று வருட ஏமாற்று. ஆகஸ்டில் ஊருக்குப் போய், காப்பிக்கடையில் டீசல் விலை பேசி, மகள் நிஸ்ரீனுக்கு லாரி ஹாரன் மாதிரி வாயால் ஊதிக் காட்டிவிட்டு வந்தவன் எந்த முகத்தோடு சொல்லுவான்?

ஆனால் சும்மா இருக்கவில்லை. நாளெல்லாம் கொட்டகையில் வெந்துவிட்டு மாலையில் மொழி வகுப்புக்குப் போனான். எழுத்துத் தேர்வை இரண்டாம் தடவையில் தாண்டினான். குளிர்காலத்துச் சனி ஞாயிறுகளில் தொழில் சான்றிதழும் முடித்தான். ஓட்டுத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. பன்னிரண்டு வருடம் ஓட்டியவனுக்கு அதுவா பெரிது?

அதுதான் பெரிதாகப் போயிற்று. அல்மெரியாவுக்கு வெளியே ஒரு மேட்டில் தேர்வு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓட்டுநர் பள்ளி ஆசிரியை புவென்சாந்தா, பின்னிருக்கையில் தேர்வு அதிகாரி. பின்னால் ஒரு சின்னக் காரில் வயதானவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். பாதை காலி. பூஜெமாவின் இடது கை தானாகப் போய்ச் சிக்னல் குச்சியைத் தட்டி வலது சிக்னலைப் போட்டது.

"எங்க திரும்பப் போறீங்க?" என்றார் அதிகாரி.

"எங்கயும் இல்லைங்க."

"அப்ப சிக்னல் எதுக்கு?"

"பின்னாடி ஒரு பெரியவர் வர்றாருங்க. வழி இருக்குன்னு சொன்னேன்."

பின்னிருக்கையில் பேனா ஓடியது. பெரியவர் தாண்டும்போது கையசைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

இரண்டாம் தடவை கையைத் திட்டிக்கொண்டே போனான். ஒரு பால் வேன் பின்னால் வந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது அதே மேடு மட்டும் வந்தது.

புவென்சாந்தா சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே திட்டுகிறவள். "வண்டி ஓட்ட நீ எனக்கே கத்துக் குடுப்ப. நான் பாடம் எடுக்கறது உன் இடது கைக்கு. அதுக்கு மரியாதை ஜாஸ்தி, மூளை கம்மி."

"பின்னாடி வர்றவங்க பாவம் இல்லையா மேடம்? எவ்வளவு தூரம் நம்ம பின்னாடியே வருவாங்க?"

"அவங்களுக்கும் கண்ணு இருக்குப்பா. எப்ப தாண்டறதுன்னு அவங்க பார்த்துக்குவாங்க. நீ அவங்களுக்காகப் பார்க்காத."

அந்தச் சமயத்தில்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி வந்தது. ஐந்து வருடமாகக் காத்திருந்த தாள். கையில் வாங்கியதும் பூஜெமா முதலில் தேதிகளைத்தான் எண்ணிப் பார்த்தான். ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இஜ்ஜாவும் மகளும் அல்ஹெசிராஸில் கப்பலிலிருந்து இறங்குகிறார்கள். மூன்றாவது தேர்வு அந்த வாரம் செவ்வாய்க்கிழமை. பதினொரு லாரி வைத்திருந்த ஹினேஸ், பாஸானால் வேலை உண்டு என்று சொல்லியிருந்தார். பாஸாகாவிட்டால் இஜ்ஜா வந்து பார்க்கப்போவது சரகோசா டிரைவரை அல்ல.

செவ்வாய்க்கிழமை வந்தது. அதே மேடு. இந்த முறை பின்னால் வந்தது மொரோக்கோவுக்குக் கப்பலேறப் போகிற கார். கூரைமேல் மெத்தை, சைக்கிள், ஒரு பழைய வாஷிங் மெஷின், எல்லாவற்றையும் நீலத் தார்ப்பாயில் கட்டியிருந்தார்கள். அவர்களுக்குச் சிக்னல் பாஷை தெரியும். லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு வழி கேட்டார்கள். பாதை காலியாகத்தான் இருந்தது. பூஜெமாவின் இடது கை விரல்கள் ஸ்டியரிங்கிலேயே துடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டான். புவென்சாந்தா விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தாள்.

கடைசியில் கார் தானாகப் பார்த்துத் தாண்டியது. கேபினுக்குப் பக்கத்தில் வரும்போது ஒரு ஆள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சுத்தமான மொரோக்கோ பாஷையில் கத்தினான்: "ஒரு சிக்னல் போட்டா கை முறிஞ்சா போயிடும், கழுதைக்குப் பொறந்தவனே? இந்த ஊர்க்காரனுங்க எல்லாம் இப்படித்தான்!"

"என்ன சொல்றார்?" என்றார் அதிகாரி.

"நல்லபடியா போய்ச் சேருங்கன்னு வாழ்த்தறாருங்க" என்றான் பூஜெமா. அவன் சொன்ன பொய்களிலேயே சந்தோஷமான பொய் அது.

பாஸ். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதான். ஹினேஸ் போனில், "திங்கட்கிழமை காலையில வந்துடு, பிரான்ஸ்ல பெர்பிஞானுக்கு லோடு இருக்கு" என்றார். ஐந்து வருடப் பொய் கடைசியில் உண்மையின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது; இனி யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு நெஞ்சு முழுக்க இறங்கியது. இஜ்ஜாவைக் கூப்பிடப் போனை எடுத்தான். என்ன சொல்வது? ஐந்து வருடமாக லாரி ஓட்டுகிறவன் இன்றைக்கு லைசென்ஸ் கிடைத்தது என்றா? போனைப் பையில் வைத்தான். அன்று அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து வாழ்த்தியது அய்யாத் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை அல்ஹெசிராஸ் போய் இருவரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினான். வழி நெடுக, இந்த ரோட்டில் இப்படி வளைவு, அந்த ஊரில் அப்படி இறக்கம் என்று டிரைவர் கணக்காகப் பேசிக்கொண்டே வந்தான். நிஸ்ரீன் அம்மா மடியில் தூங்கிப் போனாள். அத்ரா ஊரைத் தாண்டியதும் இரு பக்கமும் பிளாஸ்டிக் கொட்டகைகள் ஆரம்பித்தன. இஜ்ஜா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இதுல உங்களுது எது?" என்றாள்.

"எது எது?"

"நீங்க வேலை செஞ்ச கொட்டகை."

"நான் லாரியில..."

"லாரி இருக்கட்டும். கொட்டகையைக் கேட்டேன்."

பூஜெமா மகள் தூங்குகிறாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "யாரு சொன்னா?" என்று மெல்லக் கேட்டான்.

"யாரு சொல்லணும்? ஒவ்வொரு ஆகஸ்டும் உங்க துணியைத் துவைச்சது நான்தானே. காலர்ல தக்காளிச் செடிப் பச்சை. சோப்பு போட்டா மஞ்சளாகுமே தவிர போகாது. நாலு வருஷம் என் கையிலயும் அதே பச்சைதான். லாரி ஓட்டறவர் காலர்ல அது எப்படி வரும்?"

கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறான் மனுஷன், அதுவும் ஐந்து வருடம்.

"இப்ப நிஜமாவே லைசென்ஸ் வாங்கிட்டேன் இஜ்ஜா. வேலையும் கிடைச்சிருக்கு" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"எந்தச் செவ்வாய்க்கிழமை?"

"இந்தச் செவ்வாய்க்கிழமை."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மகள் எழுந்துவிடாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஓட்டுங்க. அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்றாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் காது காத்திருந்தது இதற்குத்தான்.

"முதல் வருஷமே தெரியும்னா, ஏன் கேக்கல?" என்றான்.

இஜ்ஜா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பக்கத்து வீட்டு ஸ்லிமான் இத்தாலியில என்ன வேலை செய்யறான்னு அவன் பெண்டாட்டி ஒரு தடவை அவனையே கேட்டா. பதினோரு வருஷம் ஆச்சு, அவன் வரல. நான் கேட்டிருந்தா அடுத்த ஆகஸ்ட் நீங்க வந்திருக்க மாட்டீங்க."

அது நிஜம் என்று பூஜெமாவுக்கே தெரியும். அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினான்.

"அதோ, தண்ணித் தொட்டிக்கு அடுத்து. மூணாவது. ஓரம் கிழிஞ்சிருக்கு பாரு, அது."

அது மறைகிற வரைக்கும் இஜ்ஜா பார்த்துக்கொண்டே வந்தாள்.